தாடிக்காரரும் இரட்டைச் சுழியும்

எங்கள் வீட்டில் அவருக்குத் 'தாடி' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராகிலும் வியன்னாவிலும் பேராசிரியராக இருந்தவர். துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதற்கு முன்னால் எழும்பும் அலையைப் படம் பிடித்துக் காட்டியவர். விமானம் ஒலியைவிட எத்தனை மடங்கு வேகமாகப் போகிறது என்று சொல்லும் எண்ணுக்கு இன்றைக்கும் அவருடைய பெயர்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் லண்டன் பிளேஸ்டோவில் என் அக்காவின் குசினி அடுப்படியில் வெறும் தாடியாகிப் போனார். எனக்கு அதில் சரியான கோபம்.

"மரியாதையாச் சொல்லு அக்கா" என்றேன் ஒருநாள்.

"சரி, தாடியர்" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து, அக்கா வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையில் ஒதுங்கினேன். கட்டிலைப் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும். பகலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். வாரத்தில் இரண்டு பின்னேரம் நகரத்துக்குள் இருந்த ஒரு கல்லூரிக்குப் போய், தாடியரைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். ஊரில், யாழ்ப்பாணத்தில், பௌதிகத்தில் பட்டம் எடுத்து, ரியூஷன் கொட்டிலில் ஏ.எல். சோதினைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். பெற்றோல் அடிக்க வந்த இடத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அத்தான் மட்டும் கேட்கவில்லை. அவர் கவுன்சிலில், உள்ளூர்ச் சபைக் கந்தோரில், வேலை பார்த்தவர். ஒன்றுக்கும் உதவாத தாள்கள் நிறைய எழுதப்படுவதைத் தினமும் பார்த்துப் பழகியவர்.

தாடியரின் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணும் காதும் தோலும் கொண்டுவந்து தராத எதையும் விஞ்ஞானத்தின் வாசற்படி ஏற விடக்கூடாது. அவர் காலத்தில் மற்றப் பேராசிரியர்கள் அணு, அணு என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அணுவை அந்தக் காலத்தில் ஒருவரும் கண்டதில்லை. தாடியர் அசையவில்லை. யாராவது அணுவின் பெயரை எடுத்தால், 'நீர் கண்டனீரோ?' என்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டு வாயடைத்துவிடுவாராம். அந்தக் கேள்வியை எங்கள் தமிழில் சொல்லிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் சனத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த கேள்வி அது.

உடனே அதை வீட்டில் பாவிக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வரும் பெண்கள் தேத்தண்ணீரோடு ஊர்க்கதைகளை அவிழ்ப்பார்கள். இன்னாருடைய மகன் வெள்ளைக்காரப் பெட்டையோடு இருக்கிறானாம், இன்னாருக்கு வேலையில்லை என்று அரசாங்கத்தின் பெனிபிட் காசு வருகிறதாம், ஆனால் அவர் களவாய் வேலையும் செய்கிறாராம். நான் மாடிப்படியில் நின்று கேட்பேன்: "நீங்கள் கண்டனீங்களோ?" முதல் இரண்டு தரம் சிரித்தார்கள். பிறகு தேத்தண்ணீர் ஆறியது. அதற்குப் பிறகு அவர்கள் வருவதே நின்றுபோயிற்று.

"உன்ர தாடியால வீட்டு வாசலுக்கு ஒரு சனம் வருகுதில்லை" என்றாள் அக்கா.

அத்தானுக்கோ தாடியரை நிரம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மீற்றரைப் பார்க்காமலே குத்துமதிப்பாக காஸ் பில் அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. அத்தான் தொலைபேசியை எடுத்து, மிகச் சுத்தமான ஆங்கிலத்தில், "ஐயா, எங்கள் மீற்றரை நீங்கள் கண்டீர்களா?" என்று கேட்பார். அந்தப் பக்கத்தில் இருப்பவர் தடுமாறுவார். அத்தான் ரிசீவரை வைத்துவிட்டு, மாடிப்படியில் நிற்கிற என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். தாடியருக்கு லண்டனில் கிடைத்த முதல் சீடன் என் அத்தான்தான்.

அக்காவை மட்டும் மடக்க முடியவில்லை. தாடியரின் சிக்கனக் கொள்கையைச் சொல்லிப் பார்த்தேன். விஞ்ஞானம் என்பது உலகத்தின் இரகசியத்தைத் தோண்டி எடுப்பது இல்லை, அது ஒரு சிக்கனம். ஆயிரம் ஆயிரம் அனுபவங்களை ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கி, மூளையின் வேலையை மிச்சப்படுத்துவது என்று விளக்கினேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்தாள் யாழ்ப்பாணத்தான்தான்" என்றாள்.

வாளிக் கதையைச் சொன்னது அதைவிடப் பிழை. தண்ணீர் வாளியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் தண்ணீர் ஓரத்தில் ஏறும். ஏன் ஏறுகிறது? வாளி சுழல்வதால் என்று எல்லோரும் சொல்வார்கள். எதை வைத்துச் சுழல்கிறது என்கிறாய், என்று திருப்பிக் கேட்டவர் தாடியர். உலகத்தில் அந்த வாளி மட்டும் தனியே இருந்தால் அது சுழல்கிறதா நிற்கிறதா என்று யார் சொல்வது? தூரத்து நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்துதான் இந்த வாளித் தண்ணீரையும் பிடித்திருக்கின்றன. ஒரு பொருளின் குணம் என்பது மற்றப் பொருட்களோடு அதற்கு உள்ள உறவு. இதை அக்காவுக்குக் காட்டுவதற்காக நிலம் துடைக்கிற வாளியை மாடிப்படிக் கைப்பிடியில் கட்டி முறுக்கி விட்டேன். கயிறு அறுந்தது. கீழே போட்டிருந்த புதுக் கம்பளம் முழுக்கத் தண்ணீர். நட்சத்திரங்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

கடைசியில் வந்தது படப் பிரச்சினை. தாடியர் ஒரு சோபாவில் சாய்ந்து படுத்து, வலக் கண்ணை மூடிக்கொண்டு, இடக் கண்ணுக்குத் தன் உடம்பு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் புருவம், மூக்கின் ஒரு பக்கம், மீசை நுனி. அதற்குப் பிறகு நெஞ்சு, கால், யன்னல். தலை இல்லை. எவனுக்கும் தன் தலை தெரியாது. 'நான், நான்' என்று நாங்கள் பெருமையடிக்கும் சாமான் உண்மையில் இப்படிப்பட்ட சில காட்சிகளும் ஓசைகளும் சேர்ந்த பொட்டலம்தான் என்பது தாடியரின் முடிவு. இதைப் பெரிதாகப் பிரதி எடுத்து என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன்.

அக்கா கண்டுவிட்டாள். "தலையில்லாத மனிசனைத் தலைமாட்டில வைச்சிருக்கிறியே. அதுதான் உனக்கு ஒரு சம்பந்தமும் சரிவருகுதில்லை."

சம்பந்தம் சரிவராததற்கு வேறு காரணம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். என் பின் தலையில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கலியாணம் என்பது எங்கள் சனம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பௌதிக விதி. யார் பெண் கொடுப்பார்கள்? அக்கா இதை ஒரு பரம இரகசியமாகக் காத்தாள். ஈஸ்ட் ஹாம் படப்பிடிப்புக் கடையில் என்னை நேரே பார்க்க வைத்து, தலைக்கு எண்ணெய் அப்பி, அசையக்கூடாது என்று எச்சரித்துப் படம் எடுப்பித்தாள். பக்கவாட்டில் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்ட கடைக்காரரை அவள் பார்த்த பார்வையில் அவர் கமராவை மூடிவிட்டார்.

அந்தப் படம் ஊருக்குப் போயிற்று. பதிலுக்கு ஒரு பெண்ணின் படம் வந்தது. சாதகம் பொருந்தியது. நானும் ஓம் என்றேன். அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை யாரோ தடுத்து வைத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. இதைக் கல்லூரியில் எனக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பேராசிரியரிடம் சொன்னேன். உயரமான மனிதர். சிரித்தால் முழங்காலைத் தட்டுவார்.

"நீங்கள் இன்னும் அவளைக் கண்டதில்லையா?" என்றார்.

"இல்லை."

"அணுவை நம்ப ஆதாரம் கேட்டு நூறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இவளை மட்டும் நம்பிவிட்டீர்களா?" என்று முழங்காலைத் தட்டினார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கலியாணத்துக்கு அவள் லண்டன் வர விசா வேண்டும். அவளும் தாயும் ஊரிலிருந்து சோதனைச் சாவடிகள் எல்லாம் தாண்டி, ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். அவர்கள் வந்த பிறகு சண்டையால் பின்னால் பாதை மூடப்பட்டுவிட்டது. லொட்ஜில் பொலிஸ் வந்து ஆட்களை எழுப்பி விசாரிக்கும் காலம் அது. திரும்பிப் போக வழியில்லை, அங்கே இருக்கவும் ஏலாது. விசா ஒன்றுதான் வழி.

என் பக்கத்துக் கடிதத்தை அத்தான் எழுதினார். கவுன்சில் ஆங்கிலத்தில் அவருக்கு இருந்த பிடிப்பை முழுக்கக் காட்டினார். என் படிப்பு, வேலை, ஒழுக்கம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். மாப்பிள்ளை மிகவும் கண்ணியமான குடும்பத்தைச் சேர்ந்தவர், இன்றுவரை இந்தப் பெண்ணை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை என்று. எழுதி முடித்ததும் எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அக்காவுக்கு அந்த வரியில் கண் கலங்கியது. "இதைவிட என்ன வேணும் அவங்களுக்கு" என்றாள். எனக்கும் திருப்திதான். காணாததைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறது. தாடியர் படித்தாலும் ஒரு சொல்லைத் திருத்த மாட்டார்.

விசா மறுக்கப்பட்டது.

டூட்டிங்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே கந்தோர் வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவர், லோயர், எங்களை எதிரில் இருத்தி வைத்துத் தலையில் கை வைத்தார்.

"இந்த வரியை எழுதினது ஆர்?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான்" என்றார்.

"அண்ணை, இந்த நாட்டுச் சட்டத்தில கலியாணம் கட்டப்போற இரண்டு பேரும் முன்னமே நேரில சந்திச்சிருக்க வேணும். சந்திக்கேல்லையெண்டா விசா இல்லை. நீங்கள் சந்திக்கேல்லை எண்டு பெருமையா எழுதிக் குடுத்திருக்கிறியள்."

அத்தானின் முகம் சுருங்கிப் போயிற்று. எங்கள் ஊரில் கலியாணத்துக்கு முன்னால் காணாமல் இருப்பதுதான் நற்சாட்சிப் பத்திரம். இங்கே அதுவே குற்றப் பத்திரிகை. என்னை மட்டும் தனியாக ஒரு எண்ணம் குத்தியது. தாடியரின் கேள்வியையே இந்த அரசாங்கம் என்னிடம் கேட்டிருக்கிறது. நீர் கண்டனீரோ? இவ்வளவு நாளும் நான் மற்றவர்களைப் பிடித்து ஆட்டிய கேள்வி அது.

"அதோடை இன்னொண்டு" என்றார் லோயர். "பொம்பிளையை அங்கை விசாரிச்சவங்கள். அவ உங்களைக் கண்டிருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. நீங்கள் காணேல்லை எண்டுறியள். இரண்டு பேரில ஒராள் பொய் எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

பஸ்ஸால் இறங்கி, அக்கா எங்களுக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள். வந்ததும், "எடு போனை" என்றாள்.

லொட்ஜுக்கு அழைத்து, அவளைக் கூப்பிடச் சொல்லி, காத்திருந்தேன். அக்கா என் காதோடு காதாக நின்றாள். அத்தான் குசினிக் கதவடியில். அதுவரை அவளோடு நான் நாலு சொல்லுக்கு மேல் கதைத்ததில்லை. சுகமோ, சாப்பிட்டாச்சோ என்கிற அளவுதான்.

"நீர் என்னைக் கண்டதெண்டு சொன்னனீராம்."

"ஓம்."

"எங்கை?"

"உங்கட வகுப்பில. நான் உங்களிட்டைத்தான் பௌதிகம் படிச்சனான். பொம்பிளைப் பிள்ளையளின்ர பக்கம், கடைசி வாங்கில இருந்தனான்."

ஊரில் அந்த ரியூஷன் கொட்டிலில் ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகள் இருக்கும். இடப் பக்கம் பெடியள், வலப் பக்கம் பெட்டைகள். பட்டம் எடுத்த சூட்டோடு வந்த சின்ன வயது வாத்தியார் நான். பெட்டைகளின் பக்கம் பார்த்தால் பேர் கெட்டுப்போகும் என்ற பயத்தில், பாடம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தபடியே படிப்பித்தேன்.

"நான் உம்மைக் காணேல்லையே."

"நீங்கள் ஒருத்தரையும் காணேல்லை, சேர். போட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நாங்கள் எல்லாரும் உங்கட முதுகைத்தான் படிச்சனாங்கள்."

அக்கா ரிசீவரைப் பறித்தாள். "பிள்ளை, இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

அவள் தாய் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள். படிப்பித்த வாத்தியாரைக் கட்டுகிறாள் என்றால் அது பேசிச் செய்த கலியாணம் என்று யார் நம்புவார்கள், சனம் வேறு கதை கட்டும் என்று பயம். ஆனால் விசா அதிகாரி நேரே கேட்டபோது அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கம் மானத்துக்காக உண்மையை எழுதிக் கெடுத்தோம், அவர்கள் பக்கம் மானத்துக்காக உண்மையை மறைத்துக் கெடுத்தார்கள். இரண்டு கண்ணியமான குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை லொட்ஜில் மாட்டி வைத்திருந்தோம்.

ரிசீவர் என் கைக்குத் திரும்பி வந்தது.

"நான் உங்களிட்டை ஒருக்காக் கேள்வியும் கேட்டனான்" என்றாள். "அணுவை ஆரும் கண்டவையோ, சேர், எண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"திரும்பாமலே, சோதினையில அது வராது எண்டனீங்கள். வகுப்பே சிரிச்சது."

அந்தக் குரல் எனக்கு நினைவு வந்தது. முகம் இல்லாத, பின் வாங்கிலிருந்து வந்த அந்தக் குரல். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு அணுவைப் பற்றிப் படிப்பிக்கிறேன், ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் போய்த் தேடினேன். அந்தக் கேள்வியையே நூறு வருடத்துக்கு முன்னால் கேட்டுவிட்டு, கடைசிவரை அதிலேயே நின்ற ஒரு தாடிக்காரர் அகப்பட்டார். அவரைப் பிடித்துக்கொண்டுதான் லண்டன்வரை வந்தேன். ஆராய்ச்சியின் முதல் பக்கத்தில் பேராசிரியருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் நன்றி எழுதியிருந்தேன். உண்மையான காரணக்காரி வெள்ளவத்தையில் லொட்ஜ் வாசலில் ரிசீவரோடு நின்றாள். எனக்குச் சரியான வெட்கமாக இருந்தது. அதைவிட, சந்தோசமாக இருந்தது. அவளை எப்படியும் கொண்டுவர வேண்டும் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உண்மையாகப் பற்றியது. அதுவரை அது அக்கா பார்த்த சம்பந்தம்.

லோயர் அப்பீல் போட்டார். கொழும்பில் ஒரு சட்டத்தரணிக்கு முன்னால் அவளிடம் சத்தியக் கடதாசி ஒன்றும் வாங்கினார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

விசாரணை நகரத்து நடுவில் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. தீர்ப்புச் சொல்பவர் ஒரு வயதான ஆங்கிலப் பெண்மணி. அரசாங்கத் தரப்பில் ஒரு இளம் மனிதர். அக்கா சேலைக்கு மேலே தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, அத்தானோடு பின் வரிசையில் இருந்தாள்.

"நீங்கள் அவளைக் கண்டதில்லை. ஆகவே சந்தித்ததில்லை. சரிதானே?" என்றார் இளம் மனிதர்.

"ஒருவர் கண்டால் போதாதா என்பது ஒரு தத்துவப் பிரச்சினை" என்று தொடங்கினேன். "ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள்..."

லோயர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "வாளி வேண்டாம். நீங்கள் இருவரும் பேசினீர்களா?"

"ஆமாம். அவள் ஒரு கேள்வி கேட்டாள். அணுவை யாராவது கண்டிருக்கிறார்களா என்று."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

இதைச் சத்தியம் பண்ணிவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. "பரீட்சையில் அது வராது என்றேன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அது ஒரு பதிலா?"

"இல்லை. சரியான பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை."

இளம் மனிதர் விடவில்லை. கேள்வியையும் பதிலையும் இரண்டு பக்கமும் தொலைபேசியில் பேசி வைத்திருக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம். தாடியரும் அப்படித்தான் கேட்டிருப்பார். அப்போது லோயர் எழுந்து அவளுடைய சத்தியக் கடதாசியின் அடுத்த பந்தியை வாசித்தார். ஆசிரியர் எப்போதும் சோக்குக் கையைப் பின் பொக்கற்றில் துடைப்பார். இடத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பின் தலையில் இரண்டு சுழிகள் இருக்கும், ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும்.

பின் வரிசையில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தயவுசெய்து திரும்பி நில்லுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி.

திரும்பினேன். எனக்கு நேர் எதிரே அக்கா. பல வருடமாகக் காத்த இரகசியம் நடு லண்டனில் அரசாங்கத்தின் முன்னால் திறந்து கிடந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்மணி எழுந்து வந்து என் பின் தலையைக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. எனக்கு அந்தச் சுழிகள் எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் அவற்றைக் கண்டதே இல்லை. எவனுக்கும் தன் தலை தெரியாது என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தவன், அதன் அர்த்தத்தை இப்போதுதான் கழுத்துப் பிடரியில் உணர்ந்தேன். என் பாதியை யாரோ ஒரு பிள்ளை பின் வாங்கிலிருந்து பார்த்து வைத்திருந்தாள்.

"இதையும் குடும்பத்தார் அவளுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார் இளம் மனிதர்.

அக்கா எழும்பிவிட்டாள். "நோ!" என்று கத்தினாள். "நோ, மேடம்! நாங்கள் அதை மறைச்சனாங்கள்! இப்பிடி ரெண்டு சுழி இருந்தா ரெண்டு பெண்சாதி எண்டு சொல்லுவினம், ஆரும் பெண் குடுக்க மாட்டினம். நாங்கள் ஏன் சொல்லுறம்? போட்டோவிலயே மறைச்சனாங்கள்!"

லோயர் இதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அக்காவையே சாட்சியாகக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி, மறுபடியும் சொல்ல வைத்தார். ஈஸ்ட் ஹாம் படக்கடை, எண்ணெய், பக்கவாட்டுப் படத்துக்கு விட்ட பார்வை, ஒன்றையும் அக்கா விடவில்லை. அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் கைலேஞ்சியை எடுத்து வாயை மூடிக்கொண்டார். இளம் மனிதர் தன் தலையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் தீர்ப்புத் தபாலில் வந்தது. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லியிருக்கிறார், பதில் மோசமானது என்றாலும் அது சந்திப்புத்தான் என்று முடிவாகியிருந்தது. அத்தான் அதை மூன்று தரம் உரக்க வாசித்தார். பேராசிரியர் கேட்டுவிட்டு முழங்காலைத் தட்டவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாடியர் கிழவராகி இருந்தபோது யாரோ ஒரு கருவியைக் காட்டி, அதில் மின்னிய பொறிகளைப் பார்த்து அவர் அணுவை ஒப்புக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு, இல்லவே இல்லை என்று இன்னொரு கதையும் உண்டு. எது சரி என்று நான் கண்டேனா? ஆனால் அவர் சரியாகக் கேட்டார், பிழையான இடத்தில் நின்றுவிட்டார் என்று என் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதியை மாற்றி எழுதினேன். காணாதது எல்லாம் இல்லாதது ஆகாது. சிலவேளை நாங்கள் திரும்பிப் பார்க்காததுதான் காரணம்.

அவள் வந்த அன்று ஹீத்ரோவுக்குப் போகும் காரில் அக்கா திடீரென்று முகம் மலர்ந்தாள். "ரெஜிஸ்டர் கலியாணம் ஒண்டு, கோயில் கலியாணம் ஒண்டு. ரெண்டும் உவளோடைதானே. சுழிக்குக் கணக்குச் சரி" என்றாள். எத்தனையோ நாளாக மனதில் போட்டுக் குழப்பியிருக்கிறாள் பாவம்.

அக்காவும் அத்தானும் காரை விட இடம் தேடிப் போய்விட்டார்கள். நான் தடுப்புக் கம்பியடியில் நின்றேன். அந்தப் படத்தை இத்தனை தரம் பார்த்திருந்தும், வெளியே வந்த ஒவ்வொரு பெண்ணும் அவள் மாதிரியும் இருந்தாள், இல்லாத மாதிரியும் இருந்தாள். ஒருத்தியைப் பார்த்து முழுசாகச் சிரித்தும் விட்டேன். அவள் தன் புருசனிடம் என்னைக் காட்டினாள். வெட்கத்தில், விமானம் உண்மையில் இறங்கிவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் திரும்பி, மேலே தொங்கிய பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் தள்ளுவண்டிகளோடு என்னைக் கடந்து போனார்கள்.

"சேர்."

பின்னாலிருந்து வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். பழைய பழக்கம், உடம்பு அப்படியே உறைந்து போயிற்று. கண் பலகையை விட்டு அசைய மறுத்தது. கை தானாகப் போய்ப் பின் பொக்கற்றைத் துடைத்தது.

"முதுகைப் பாத்தவுடனை தெரிஞ்சிட்டுது" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது அவளுக்கு, அழுதாளோ சிரித்தாளோ தெரியவில்லை. "அண்டைக்கு நான் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை, சேர். இண்டைக்காவது திரும்பிச் சொல்லுங்கோ."

நான் திரும்பினேன்.